நாயளவு இருந்த பூனை

பயங்களின் பூர்வீகம் – பகுதி 9

போப் ஒன்பதாம் கிரிகோரியின் செயலகத்திலிருந்து 1233 ஜூன் மாதம் ஜெர்மனிக்கு ஒரு கடிதம் போனது. பெறுநர்கள் எல்லாரும் பெரிய இடத்து ஆட்கள். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் மகனும் ஜெர்மானிய அரசருமான ஹென்றி, மைன்ஸ் பேராயர் மூன்றாம் சீக்ஃபிரீட், ஹில்டஸ்ஹைம் ஆயர், இவர்களோடு கான்ராட் என்ற பாதிரியார். முதல் சொற்களை வைத்து அந்தக் கடிதத்தை ‘வாக்ஸ் இன் ராமா’ என்பார்கள். ஐரோப்பாவில் கரும்பூனையின் தலையெழுத்து எங்கே எழுதப்பட்டது என்று கேட்டால், பலரும் இந்தக் கடிதத்தைத்தான் கை காட்டுவார்கள்.

ஜெர்மனியில் ரகசியமாக இயங்குவதாகச் சொல்லப்பட்ட ஒரு சாத்தான் கூட்டத்தில் புது ஆளை எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் கடிதம் விவரிக்கிறது. அவன் உள்ளே நுழைந்ததும் ஒரு தேரை வருகிறது. சில சமயம் வாத்து அளவு, சில சமயம் அடுப்பு அளவு. அதை முத்தமிட வேண்டும். சிலர் வாயில், சிலர் பின்புறத்தில். அடுத்து ஒரு மனிதன். வெளிறிய முகம், கருகருவென்ற கண்கள், எலும்பும் தோலுமான உடம்பு. அவனை முத்தமிட்டால் உடம்பு பனிக்கட்டியாகச் சில்லிட்டிருக்கிறது. அந்த முத்தத்தோடு புதியவன் நெஞ்சிலிருந்து கத்தோலிக்க விசுவாசம் சுத்தமாகத் துடைத்தெடுக்கப்படுகிறது. பிறகு விருந்து. சாப்பிட்டு எழுந்ததும், அங்கே நிற்கும் ஒரு சிலையிலிருந்து கறுப்புப் பூனை ஒன்று வாலை வளைத்துத் தூக்கியபடி பின்பக்கமாக இறங்கி வருகிறது. நடுத்தரமான ஒரு நாயின் அளவு. முதலில் புதியவன், பிறகு தலைவர், பிறகு தகுதி வரிசைப்படி மற்றவர்கள் என்று எல்லாரும் அதன் பின்புறத்தை முத்தமிடுகிறார்கள். விளக்கு அணைகிறது. அதன் பிறகு நடப்பதாகக் கடிதம் சொல்வதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. விளக்கை மறுபடி ஏற்றும்போது இருட்டு மூலையிலிருந்து இன்னொருவன் வருகிறான். இடுப்புக்கு மேலே சூரியனைவிடப் பிரகாசம். இடுப்புக்குக் கீழே பூனையைப் போல ரோமம்.

இதில் ‘நாயளவு’ என்ற விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 459 ஆண்டுகள் கழித்து, அட்லாண்டிக்கைத் தாண்டி, அது மறுபடி வரப்போகிறது.

இவ்வளவு நுணுக்கமாக யார் பார்த்துச் சொன்னது? பெறுநர் பட்டியலில் கடைசியாக இருந்த கான்ராடின் விசாரணைகளிலிருந்துதான் இந்தச் சரக்கு ரோமுக்குப் போயிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. மார்பர்க் கான்ராட் என்று அவருக்குப் பெயர். தூரிங்கியாவின் எலிசபெத் என்ற இளம் விதவைக்கு ஆன்மகுருவாக இருந்தவர். அந்த அரச குடும்பத்துப் பெண்ணைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து, அவருக்குப் பிரியமான பணிப்பெண்களை விரட்டி, சொன்ன பேச்சு கேட்காதபோது அடிக்கவும் செய்தார். எலிசபெத் 1231-இல் 24 வயதில் இறந்தார். நான்கே ஆண்டுகளில் புனிதராக அறிவிக்கப்பட்டார். கான்ராடுக்கோ அதே 1231-இல், மதத்துக்கு மாறானவர்களைத் தேடிப் பிடிக்கும் அதிகாரம் போப்பிடமிருந்து வந்தது.

அவருடைய விசாரணை முறை எளிமையானது. ஒப்புக்கொண்டால் தலையை மழித்து உயிரோடு விட்டுவிடுவார், மறுத்தால் நெருப்பு. ஒப்புக்கொண்டவர் கூட்டாளிகளின் பெயர்களையும் சொல்ல வேண்டும். சொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் மறுபடி அதே இரண்டு வழிதான். இந்த ஏற்பாட்டில் யார்தான் ‘தேரையை நான் பார்க்கவே இல்லை’ என்று சொல்லுவார்கள்? பேராயர் சீக்ஃபிரீடே பின்னால் இதைப் போப்புக்குப் புகாராக எழுதினார். உயிர் பிழைக்கப் பொய் சொன்னவர்கள் தப்பினார்கள், பொய் சொல்ல மறுத்தவர்கள் எரிந்தார்கள் என்பதுதான் அதன் சாரம்.

ஏழை எளியவர்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் கான்ராட் நெடுநாள் வாழ்ந்திருப்பார். ஸாய்ன் பிரபு ஹென்றி மீது கை வைத்தார். பிரபு நண்டின் மேல் ஏறிச் சவாரி செய்ததைப் பார்த்ததாகச் சாட்சிகள் இருந்தார்கள். பிரபு அசரவில்லை; ஆயர்கள் அவையைக் கூட்டச் சொன்னார். 1233 ஜூலை 25-இல் மைன்ஸில் அவை கூடியது. சாட்சிகள் பின்வாங்கினார்கள், பிரபு விடுவிக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 30-இல், மார்பர்க் திரும்பும் வழியில் சில வீரர்கள் கான்ராடை வெட்டிக் கொன்றார்கள். போப்பின் கடிதத்துக்கு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விசாரணை நின்றதும், அந்தப் பயங்கரமான சாத்தான் கூட்டமும் அதன் பூனையும் ஜெர்மனியில் காணாமல் போயின.

பூனை கான்ராடின் கற்பனையும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே, இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் அவையில் இருந்த வால்டர் மாப் என்ற மதகுரு, அரண்மனை வம்புகளையும் வேடிக்கைக் கதைகளையும் தொகுத்த தம்முடைய நூலில் இதே காட்சியை எழுதியிருக்கிறார். 1180-களில் எழுதியது. அவர் கதை நடக்குமிடம் பிரான்ஸ். கூட்டத்தின் நடுவே தொங்கும் கயிற்றில் வியக்கத்தக்க அளவுள்ள ஒரு கறுப்புப் பூனை இறங்கி வருகிறது, விளக்கு அணைகிறது, பற்களை இறுகக் கடித்து முனகிக்கொண்டே ஆட்கள் இருட்டில் தடவிப் போய் அதை முத்தமிடுகிறார்கள். ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே லில் நகரத்து ஆலன் என்ற பிரெஞ்சு இறையியலாளர், திருச்சபைக்கு மாறான, தெற்கு பிரான்ஸின் கத்தார் பிரிவினர் பூனையின் பின்புறத்தை முத்தமிடுகிறவர்கள் என்று எழுதிவைத்தார்.

பூனையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். ரகசியக் கூட்டம், வணங்கப்படும் விலங்கு, அணையும் விளக்கு, அதன்பின் முறைகெட்ட கூடல். இதை உலகம் முதலில் யார்மேல் சுமத்தியது தெரியுமா? கிறிஸ்தவர்கள்மேல்தான். கி.பி. 200-ஐ ஒட்டி மினூசியஸ் ஃபெலிக்ஸ் என்பவர் லத்தீனில் எழுதிய ‘ஒக்டாவியஸ்’ என்ற உரையாடல் நூலில், ரோமானியர் ஒருவர் கிறிஸ்தவர்கள்மேல் அடுக்கும் குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. அவர்கள் கழுதைத் தலையை வணங்குகிறார்கள். இரவு விருந்தில் விளக்குத் தண்டில் ஒரு நாயைக் கட்டிவைக்கிறார்கள். எட்டாத தூரத்தில் தின்பண்டத்தை எறிகிறார்கள். நாய் பாய்கிறது, விளக்கு சாய்கிறது, இருட்டில் யார் யாரோடு என்ற கணக்கே கிடையாது. அந்தக் குற்றச்சாட்டைப் பொய்யென்று காட்ட அந்தக் காலக் கிறிஸ்தவர்கள் மன்றாடினார்கள். ஆயிரம் ஆண்டுகளில் அவர்கள் கை ஓங்கியது. அதே குற்றப்பத்திரிகையில் பிரதிவாதியின் பெயரை மட்டும் மாற்றினார்கள். நாய் இருந்த இடத்துக்குப் பூனை வந்தது. நார்மன் கோன் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் 1975-இல் எழுதிய நூல் ஒன்றில் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். காவல் நிலையங்களில் ஒருவர் வாக்குமூலத்தைப் பார்த்து இன்னொருவர் வாக்குமூலத்தை எழுதுவார்களே, அப்படித்தான் நடந்திருக்கிறது.

ஏன் பூனை, அதுவும் ஏன் கறுப்பு? இருட்டில் நடமாடும் பிராணி. கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் தீவட்டி வெளிச்சத்தில் கண் மட்டும் எரியும். வீட்டில் இருந்தாலும் நாயைப் போல யாருக்கும் அடங்காது. எலியைப் பிடித்து உடனே கொல்லாமல் விளையாடுவதைச் சாத்தான் ஆன்மாவோடு விளையாடுவதற்கு உவமையாக்கப் பிரசங்கிகளுக்கு வசதியாக இருந்தது. நிறத்துக்குக் காரணம் இன்னும் சுலபம். சாத்தானின் நிறமாக அவர்கள் நினைத்தது கறுப்பைத்தான். உயிரியல் இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. ரோமத்தில் வரிகளை உண்டாக்கும் மரபணு ஒன்றில் இரண்டே எழுத்துகள் விட்டுப்போனால் பூனை கறுப்பாகும் என்று 2003-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நவீன மூடநம்பிக்கையையும் பேசிவிட வேண்டும். படித்தவர்களின் மூடநம்பிக்கை. ‘போப் கிரிகோரி பூனைகளைக் கொல்ல உத்தரவிட்டார், ஐரோப்பாவில் பூனைகள் ஒழிந்தன, எலிகள் பெருகின, அதனால்தான் கறுப்புச் சாவு என்ற பிளேக் கொள்ளைநோய் வந்து கோடிக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.’ வாட்ஸ்அப்பில் இது வராத வீடு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது: செய்த பாவத்துக்கு உடனடித் தண்டனை. ஆனால் கடிதத்தில் பூனையைக் கொல்லச் சொல்லி ஒரு சொல்கூட இல்லை. மனிதர்களை என்ன செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. போனது நான்கு பெறுநர்களுக்கு, ஜெர்மனியின் ஒரு மூலையைப் பற்றி. கொள்ளைநோய் ஐரோப்பாவுக்கு வந்தது 1347-இல். இடையில் 114 ஆண்டுகள். பூனைகள் அத்தனை தலைமுறையும் குட்டி போடாமல் சும்மா இருந்திருக்குமா?

சரி, பூனையைக் கொண்டாடிய ஊர்கள் தப்பினவா? அதுவும் இல்லை. 1347-இன் இறுதியில் அலெக்சாந்திரியாவுக்கும், 1348-இல் கெய்ரோவுக்கும் அதே நோய் போய், அங்கும் அதே வேகத்தில் வாரிக்கொண்டது. கெய்ரோ பூனைகளைத் தாங்கிய ஊர். 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் தெருப்பூனைகளின் உணவுக்காக ஒரு தோட்டத்தையே எழுதிவைத்தார் என்று அங்கே சொல்வார்கள். 1830-களில் அங்கே வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், தலைமை நீதிபதியின் முற்றத்தில் மாலைதோறும் பூனைகளுக்கு உணவு வைக்கும் வழக்கம் அப்போதும் தொடர்ந்ததை எழுதியிருக்கிறார். பூனை எலியைத்தான் பிடிக்கும், எலியின் தெள்ளுப்பூச்சியைப் பிடிக்காது. பூனைக்கே பிளேக் வரும். அதனிடமிருந்து மனிதனுக்கும் தொற்றும்.

அந்தக் காலத்துத் திருச்சபையே பூனையோடு நன்றாகத்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயத்துக் கணக்கேடுகளில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்று ஒரு செலவு வருகிறது; வாரம் ஒரு பென்னி. கோயில் எலிகளைப் பிடிக்கும் ஊழியருக்கு ஒரு படி. அங்கே பூனை போய்வரக் கதவில் வெட்டிய வட்டத் துளை இன்றும் இருக்கிறது. உலகைத் துறந்து ஒரு சின்ன அறைக்குள் அடைந்து வாழ்ந்த துறவிப் பெண்களுக்காக 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய வழிகாட்டி நூல், அவர்கள் வேறு எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது, பூனை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பேய் பிடித்த பிராணியைக் கன்னியர் அறைக்குள் விடுவார்களா?

பூனைகள் கொல்லப்படவே இல்லை என்று சொல்லவரவில்லை. கேம்பிரிட்ஜில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 79 பூனைகளின் எலும்புகள் கிடைத்தன. கழுத்து அறுபட்ட, தோல் உரித்த அடையாளங்கள். அது பேய் ஓட்டல் அல்ல, வியாபாரம். பூனைத்தோல் ஏழைகளின் கம்பளி. கன்னியர்கள் ஆட்டுக்குட்டி, பூனை இரண்டைத் தவிர விலையுயர்ந்த தோல் எதையும் உடுத்தக் கூடாது என்று 1127-இலேயே இங்கிலாந்தில் திருச்சபை விதி போட்டிருந்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மணிக்கூண்டின் மேலிருந்து திருவிழாவன்று உயிரோடு பூனைகளை எறிவார்கள். கடைசியாக எறிந்தது 1817-இல். இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை துணிப்பூனைகளை எறிகிறார்கள், கூட்டம் ஏந்திப் பிடிக்கிறது. அரசு உத்தரவு போட்டுப் பூனைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதென்றால் 1665-இன் லண்டனைச் சொல்லலாம். பிளேக்கைப் பரப்புகின்றன என்று பயந்து நகர நிர்வாகம் நாய், பூனைகளைக் கொல்லச் சொன்னது. அதில் சாத்தானுக்குப் பங்கில்லை. சுகாதாரத் துறை வேலை.

ஆகவே நான் சொல்லவருவது இதுதான். கரும்பூனை ஐரோப்பாவில் முதலில் சகுனமாக வரவில்லை. குற்றச்சாட்டாக வந்தது. ஊர்க் கிழவிகளின் பேச்சிலிருந்து படித்தவர்களின் ஏட்டுக்கு ஏறியதல்ல. படித்தவர்களின் ஏட்டிலிருந்து ஊருக்குள் இறங்கியது.

இறங்கிய வழியில் அங்கங்கே அதன் நிறமும் மாறிக்கொண்டே இருந்தது. 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, பிரான்ஸில் டெம்ப்ளர் வீரத்துறவிகளை அரசர் நான்காம் ஃபிலிப் கூண்டோடு கைது செய்தார். அவர்கள்மேல் அடுக்கிய குற்றங்களில் பூனையை வணங்கியதும் ஒன்று. அரசருக்கு வேண்டியிருந்தது அவர்களின் பணம். 1324-இல் அயர்லாந்தின் கில்கெனியில் ஆலிஸ் கைட்லர் என்ற செல்வப் பெண்மணிமேல் சூனிய வழக்கு. நான்கு கணவர்கள், வட்டித் தொழில், சொத்து போய்விடுமோ என்று கொதித்த கணவர்களின் முந்தைய மனைவியர் பிள்ளைகள். வழக்கை நடத்தியவர் ஆயர் ரிச்சர்ட் லெட்ரெட். ஆலிஸுக்கு ஏவல் செய்த பேய் சில சமயம் பூனையாகவும் சில சமயம் சடைமயிர்க் கறுப்பு நாயாகவும் வந்ததாம். கறுப்பு நாய்க்குத்தான், பூனையின் நிறத்தைப் பற்றிப் பேச்சில்லை. பணக்காரி ஆலிஸ் தப்பி ஓடிவிட்டார். அவருடைய வேலைக்காரி பெட்ரோனில்லாவை ஆறு முறை கசையால் அடித்து வாக்குமூலம் வாங்கி, நவம்பர் 3 அன்று எரித்தார்கள்.

1480-களில் வெளிவந்த, சூனியக்காரிகளைக் கண்டுபிடிக்கும் கையேடான ‘மாலியஸ்’ இன்னொரு கதை சொல்கிறது. விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒருவனை மூன்று பெரிய பூனைகள் பாய்ந்து கடிக்கின்றன. கட்டையால் அடித்து விரட்டுகிறான். கொஞ்ச நேரத்தில் அவனைக் கைது செய்கிறார்கள். ஊரின் மதிப்புக்குரிய மூன்று பெண்மணிகளை அடித்துப் படுக்கையில் தள்ளிவிட்டானாம். பூனை இன்னும் சாலையில் குறுக்கே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது நீதிமன்றத்தில்தான் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு 1566-இல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் நடந்தது. எசெக்ஸ் மாவட்டத்தின் ஹாட்ஃபீல்ட் பெவரெல் என்ற சிற்றூர். எலிசபெத் ஃபிரான்சிஸ் என்ற பெண் தன் 12 வயதில் பாட்டியிடமிருந்து ஒரு பூனையைப் பெற்றாள். பெயர் சாத்தான். கூடையில் வைத்து, ரொட்டியும் பாலும் கொடுத்து வளர்த்தாள். ஒவ்வொரு வேலைக்கும் அது கூலியாக ஒரு சொட்டு இரத்தம் கேட்கும். பதினைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து அலுத்துப்போய், பக்கத்து வீட்டு ஏழைக் கிழவி ஆக்னஸ் வாட்டர்ஹவுஸுக்கு அதைக் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு வாங்கியது ஒரு கேக். ஆக்னஸ் பூனையை ஒரு பானையில் கம்பளி பரப்பி வைத்துக்கொண்டாள். பிறகு வறுமை. அந்தக் கம்பளி வேறு தேவைக்கு வேண்டியிருந்தது. அதனால் பூனையைத் தேரையாக மாற்றிவிட்டாளாம், தேரைக்குக் கம்பளி வேண்டாம் அல்லவா! வழக்கில் வந்த பிசாசுக் கதைகளையெல்லாம் மறந்தாலும் கம்பளிக்கு ஆசைப்பட்ட அந்தக் கிழவியை மறக்க முடியாது. எந்த மொழியில் ஜெபம் செய்வாய் என்று கேட்டார்கள். லத்தீனில், ஆங்கிலத்தில் செய்யச் சாத்தான் விடுவதில்லை என்றாள். நாடு கத்தோலிக்கத்திலிருந்து புதிய திருச்சபைக்கு மாறியிருந்த காலம். லத்தீன் ஜெபம் பழைய மதத்தின் அடையாளம். கேள்வி எதற்கு என்பது புரிகிறது. ஜூலை 29 அன்று அவளைத் தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்தின் முதல் புகழ்பெற்ற சூனியப் பூனையான அந்தச் சாத்தானின் நிறம் என்ன? அச்சில் வந்த வழக்கு விவரத்தில் தெளிவாக இருக்கிறது: வெள்ளைப் புள்ளி போட்ட பூனை.

இப்போது 1692. மாசசூசெட்ஸின் சேலம் கிராமம். டிட்டுபா என்ற அடிமைப் பெண்ணை மார்ச் மாதம் நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். என்னென்ன உருவங்களைப் பார்த்தாய்? பன்றி, கறுப்பு நாய், மஞ்சள் பறவை. அப்புறம்? இரண்டு பூனைகள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. எவ்வளவு பெரியது? சின்ன நாய் அளவு. மைன்ஸுக்குப் போன கடிதம் டிட்டுபா கைக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை. நீதிபதிகளின் அலமாரியில் சூனியம் பற்றிய நூல்கள் இருந்தன. கேள்விகள் அங்கிருந்து வந்தன. என்ன பதில் சொன்னால் உயிர் பிழைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பிழைத்தாள். குற்றத்தை மறுத்த 19 பேர்தான் தூக்கில் தொங்கினார்கள்.

சரி, ‘குறுக்கே போவது’ எங்கிருந்து வந்தது? அது தனிக் கிளை, இதைவிட மிகப் பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ், மனிதக் குணங்களைக் கேலி செய்து எழுதிய நூலில் ஒரு சகுனப் பித்தனைக் காட்டுகிறார். வீஸல் என்ற கீரி போன்ற சிறு பிராணி அவன் பாதையில் குறுக்கே ஓடிவிட்டால், வேறு யாராவது அந்த இடத்தைக் கடந்து போகும்வரை அவன் நகரமாட்டான். அல்லது மூன்று கற்களை எடுத்துப் பாதையின் குறுக்கே எறிந்துவிட்டுப் போவான். அந்தக் காலக் கிரேக்க வீடுகளில் எலி பிடித்தது பெரும்பாலும் வீஸல்தான். பிறகு அந்த வேலைக்குப் பூனை வந்தது, சகுனமும் வேலையோடு சேர்ந்து கைமாறியிருக்கும் என்று தோன்றுகிறது. ‘வேறு யாராவது முன்னால் போகட்டும்’ என்று ஏதென்ஸில் ஒருவன் நின்ற அதே காரியத்தை நம் தெருமுனையில் இருசக்கர வாகனத்தை நிறுத்திவிட்டு இன்றும் ஆட்கள் செய்கிறார்கள். நம் ஊர்ச் சகுனத்தில் பூனைக்கு நிறம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். சாம்பலோ வெள்ளையோ, பூனை என்றால் பூனை. ‘கறுப்பு’ நமக்கு ஆங்கிலக் கதைகளும் சினிமாவும் கொடுத்தது. அதே ‘கறுப்புப் பூனைப் படை’ ஒரு தலைவரைச் சுற்றி நின்றபோது மட்டும் அது கௌரவமாக இருந்தது!

வழக்குகள் ஓய்ந்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. கறுப்பு நிறமும் குறுக்கே ஓடுவதும் ஒன்றாகக் கலந்து அமெரிக்காவில் துரதிர்ஷ்டம் ஆனது. ஆக்னஸைத் தூக்கிலிட்ட இங்கிலாந்திலோ கரும்பூனை அதிர்ஷ்டம் ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் யார்க்ஷர் கடற்கரையின் மாலுமி, மீனவர் வீடுகளில், கடலுக்குப் போன கணவன் பத்திரமாகத் திரும்ப மனைவிமார் கரும்பூனை வளர்த்தார்கள். லண்டனில் கரேராஸ் என்ற சிகரெட் நிறுவனம் 1904-இல் ‘பிளாக் கேட்’ என்றே ஒரு சிகரெட்டை இறக்கியது. அவர்களின் பழைய கடை ஜன்னலில் எப்போதும் ஒரு கரும்பூனை படுத்திருக்குமாம். ஆட்கள் ‘கரும்பூனைக் கடை’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 1928-இல் திறந்த அவர்களுடைய பெரிய தொழிற்சாலை வாசலில் எகிப்து பாணியில் இரண்டு பிரம்மாண்டக் கரும்பூனைகளை நிறுத்தினார்கள். சகுனம் கெட்டது என்றால் வியாபாரி வாசலில் வைப்பானா?

ஜப்பானிலும் இதே நிலைமைதான். நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் வீட்டுக்குள் ஒரு தெருப்பூனைக்குட்டி நுழைந்து நுழைந்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்தது. உடம்பு பிடித்துவிட வந்த ஒரு மூதாட்டி அதைத் தூக்கிப் பார்த்து, நகம்வரை கறுப்பாக இருக்கிறதே, இது வீட்டுக்கு யோகம் என்றார். அன்றிலிருந்து அதற்கு மரியாதை. 1905-இல் அந்தப் பூனையைக் கதைசொல்லியாக வைத்து அவர் எழுதத் தொடங்கிய நாவல் அவரை நாடறிந்தவராக்கியது. யோகம் பலித்தது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தால் யார் மறுப்பது?

அமெரிக்கக் கிளையை வளர்த்ததில் எட்கர் ஆலன் போவுக்குப் பங்கு உண்டு. அவருடைய ‘கரும்பூனை’ கதை 1843 ஆகஸ்டில் வெளிவந்தது. குடிகாரன் ஒருவன், அவனால் ஒரு கண் தோண்டப்பட்ட பூனை, சுவருக்குள் வைத்துப் பூசிய மனைவியின் உடல். அந்தக் கதையில் குற்றவாளி பூனை இல்லை, மனிதன்தான். படித்தவர்கள் மனதில் ஒட்டிக்கொண்டது என்னவோ பூனை. இத்தனைக்கும் போ பூனைப் பிரியர். மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டுக் கரும்பூனையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை அது எகிறிப் பிடித்து, அழுத்தி, தள்ளித் திறக்கும் சாமர்த்தியத்தை வியந்து எழுதிய கட்டுரை. அதை யாரும் படிப்பதில்லை. பிறகு 1900-களில் ஹாலோவீன் வாழ்த்து அட்டைகள் வந்தன. முதுகை வில்லாக வளைத்த கரும்பூனை, துடைப்பத்தில் பறக்கும் கிழவி, மஞ்சள் நிலா. முதல் உலகப் போர்வரை இந்த அட்டைகளில் பலவும் அமெரிக்காவில் அச்சானவையே அல்ல. தரமான வண்ண அச்சுக்குப் பெயர்போன ஒரு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. எந்த நாடு? ஜெர்மனி.

பீதி முற்றிய இடத்தில் அரசாங்கமும் களத்தில் இறங்கும். இந்தியானா மாநிலத்தின் ஃபிரெஞ்ச் லிக் என்ற சிற்றூரில் 1939 அக்டோபர் 13 வெள்ளிக்கிழமையாக வந்தது. ஊர் நிர்வாகக் குழு ஓர் உத்தரவு போட்டது. அன்று முழுவதும் ஊரிலுள்ள கரும்பூனைகள் எல்லாம் கழுத்தில் மணியோடு நடமாட வேண்டும். சத்தம் கேட்டதும் மக்கள் விலகிக்கொள்ளலாம். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடிப் பேசிய நாளிலிருந்து விடை கிடைக்காமல் இருந்த கேள்விக்கு ஃபிரெஞ்ச் லிக் ஊராட்சி விடை கொடுத்தது.

(அடுத்த இதழில்: உடைந்த கண்ணாடி)